பிச்சையெடுத்துத் தைத்த போர்வை

நான் கொடுத்த பரிசுகள் எல்லாம் எங்கள் உறவுக்காரர்கள் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. இது எனக்கு நன்றாகத் தெரியும். கிரகப்பிரவேசம் என்றால் காலி பாட்டிலில் சணல் சுற்றி விளக்கு செய்துகொண்டு போவேன். பிறந்த நாள் என்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டிய பெட்டி. கல்யாணம் என்றால் நைந்த பட்டுப்புடவையின் சரிகைக் கரையைப் பிரித்துத் தைத்த பை. வாங்குகிறவர்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு, எப்படித்தான் இதெல்லாம் தோன்றுகிறதோ என்பார்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பொருள் கண்ணில் படாது. நானும் தேட மாட்டேன்.

காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குக் கைவேலை டீச்சர் உத்தியோகம். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் என் வகுப்புகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆண்டுவிழா வந்தால் மட்டும் மேடை முழுக்க என் கைவரிசை வேண்டும். பொருளுக்கு நான் செலவழித்ததில்லை. எங்கள் ஊரில் காலி பாட்டிலுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் சாலையோரம் விட்டுப் போவார்கள். தலத்தெருவிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டியில் போகும்போது நல்ல வடிவமாக ஒன்று கண்ணில் பட்டால் நிறுத்தி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். புடவை கட்டின ஒரு டீச்சர் காலங்கார்த்தாலே பிராந்தி பாட்டில் பொறுக்குவதைப் பார்த்து எத்தனை பேர் என்ன நினைத்தார்களோ. ஒரு சித்தப்பா, நான் கொடுத்த விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, அது இன்ன சரக்கு பாட்டில் என்று பெயரோடு சொல்லிவிட்டார். பந்தலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் வீட்டு விசேஷத்துக்கு இனிமேல் எவர்சில்வர் தட்டுதான் என்று முடிவு செய்தேன். அடுத்த முறை பழையபடி பாட்டில்தான் கொண்டுபோனேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் தம்பி, அவன் மனைவி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது ஒரு தனிக் கதை, சுவாரசியமும் இல்லாத கதை. அம்மா அப்பா போன பிறகு சுரக்குடியில் இருக்கும் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தலத்தெரு வீட்டிலேயே இருக்கிறோம். தம்பிக்கு அரசாங்க வேலை. அவன் மனைவி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே சமையலறையில் இருந்தால் என்ன நடக்கும் என்று ஊர் எதிர்பார்க்குமோ அது எங்கள் வீட்டில் நடக்கவில்லை. நான் சத்தம் போடுவேன், அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். நான் ஓய்ந்த பிறகு, "முடிஞ்சுதா அண்ணி, சாப்புடலாமா?" என்பாள். அவளிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

அவளுக்கு முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது முழு மாதமும் வயிற்றில் இருந்து, பிறந்து, அழாமலே போனது. மூன்றாவது நின்றபோது நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் மாதத்தில் வயிறு தானே சொல்லிவிட்டது. வளைகாப்பு வேண்டாம் என்று அவளே சொன்னாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பெரும்பாலும் படுத்தே இருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கு எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன், அவள் ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணி, குப்பையில கெடக்குற எல்லாத்தையும் நீங்க பொழைக்க வெக்கிறீங்க. என் புள்ளைக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன்."

செய்து தருகிறேன், என்ன வேண்டும், கிலுகிலுப்பையா என்று கேட்டேன். அவளுக்கு வேண்டியது அது இல்லை. பிச்சைத் துணி.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் இப்படி ஒன்று செய்வார்கள். பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் வைத்து எடுப்பது, தவிட்டுக்கு விற்று வாங்குவது, குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பது எல்லாம் அதில் சேர்த்தி. விதிக்கு அந்தப் பிள்ளைமேல் ஆசை வரக் கூடாது, அதுதான் விஷயம். பெயர் வைப்பதும் தவிடும் இப்போது யாரும் செய்வதில்லை. துணி மட்டும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்லபடியாகத் தங்கி வளர்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துப் போக வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று முந்தானையை ஏந்தி, இன்ன பிள்ளைக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே போகக் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, பதிலுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. அவர்கள் தங்கள் பிள்ளை போட்டுக் கழித்த துணியை முந்தானையில் போடுவார்கள். அதைத்தான் பிறந்த பிள்ளை மேலே முதலில் போர்த்த வேண்டும். கேட்கப் போக வேண்டியவள் அத்தை.

அத்தை நான்தான், வேறு யாரும் கிடையாது. ஆனால் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அவளுக்கும் கிடையாது. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள், ராகு காலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிறவள். அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. டாக்டர் கொடுக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதாதா என்று கத்தினேன். அவள் எப்போதும்போல நான் ஓயும்வரை காத்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவதைப் பார்த்துவிட்டுப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. முதல் வீட்டு வாசலில் நின்று முந்தானையை விரித்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிற வாயில் சொல் வரவில்லை. அந்த வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள், விஷயத்தைப் புரிந்துகொண்டு உள்ளே போய்த் தன் பையன் சட்டையைக் கொண்டுவந்து போட்டாள். கண் கலங்கியிருந்தாள். இரண்டாவது வீட்டில் ஒரு பெரியம்மா, கல்யாணமாகாதவள் கேட்டால் பலிக்குமா என்று சந்தேகம் கிளப்பினார். மருமகள் குறுக்கே வந்து ஒரு பாவாடைத் துணியைப் போட்டு என்னை அனுப்பி வைத்தாள். மறுவாரம் சுரக்குடிக்குப் போய் எங்கள் குத்தகைக்காரர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வாங்கினேன். கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா, தன் பேரப்பிள்ளைகளின் துணியை ஒரு மூட்டையாகவே கட்டிக்கொண்டு வந்தார். பிச்சை என்றால் நான் போய்த்தான் கேட்க வேண்டும், கொண்டுவந்து கொடுத்தால் செல்லாது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே மூட்டையைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். மறுநாள் நான் குப்பத்துக்குப் போய் அவர் வாசலில் நின்று அதே மூட்டையை வாங்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முறைக்கு ஐந்தாறு வீடு போதும். ஆனால் துணிகளை வெந்நீரில் அலசி, மாடியில் காயப்போட்டு, கூடத்தில் பரப்பியபோது என்னுள்ளே இருந்த கைவேலை டீச்சர் எழுந்துகொண்டாள். வெறும் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டுப்போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. நடுவில் ஒரு சூரியகாந்தி வைத்தால் எப்படி இருக்கும்? சோப்பு டப்பா அட்டையில் இதழுக்கு அளவு வெட்டிப் பார்த்தேன். பச்சை இருந்தது, பழுப்பு இருந்தது, நீலம் வேண்டிய மட்டும் இருந்தது. மஞ்சள் இல்லை. மஞ்சளுக்காக மறுபடியும் கிளம்பினேன். தெரிந்தவர், தெரியாதவர், பள்ளியில் பையனை விட வருகிற அம்மாக்கள், ஒருத்தரையும் விடவில்லை. போகிற இடமெல்லாம் இன்னாருக்கு மூன்றாவது பிள்ளை, முன்னே ரெண்டு தங்கவில்லை என்று முழுக் கதையும் சொன்னேன். சொல்லிக் கேட்பதுதான் முறை. எனக்கு ஒரு கட்டத்தில் அது பழகியும் விட்டது. வெட்கம் போய், நல்ல மஞ்சளாகக் கிடைக்க வேண்டுமே என்பதுதான் நினைப்பாக இருந்தது.

கடைசியில் மஞ்சள் கிடைத்தது திருமலைராயன்பட்டினத்தில். ஒரு வேலையாகப் போனவள், ஒரு சந்தில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் கவுனைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டேன். வெளுத்துப்போன, எண்ணெயில் பிசைந்த மாவு மாதிரி மென்மையான மஞ்சள். முன்பின் தெரியாத வீடு. கதவைத் தட்டினேன். முக்காடு போட்ட ஒரு பெண், இடுப்பில் சின்னப் பெண்பிள்ளையோடு வந்து, உள்ளே வாங்க என்றாள். வர மாட்டேன் என்றேன். டீ குடிங்க என்றாள். குடிக்க மாட்டேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. நான் எதை நினைத்து மாட்டேன் என்கிறேன் என்று அவள் தவறாக எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. அவசரமாக முந்தானையை விரித்து, நான் இன்ன பள்ளி டீச்சர் என்பதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு கொடியிலிருந்து கவுனை உருவி, ஒருமுறை உதறி, முந்தானையில் போட்டாள்.

"நல்லபடியா பொறக்கட்டும் டீச்சர். நா துஆ செய்றேன். பொறந்தோன்ன தூக்கிட்டு வந்து காட்டணும், அப்ப டீ குடிச்சுட்டுதான் போவணும்."

சரி என்றேன். அப்படித்தான் எல்லா வீட்டிலும் சரி என்று சொல்லியிருந்தேன்.

அந்தப் போர்வையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. முழுக்கக் கைத்தையல். மெஷின் தையலின் மடிப்பு பிள்ளை உடம்பில் உறுத்தும் என்று, ஓரங்களையெல்லாம் உள்பக்கம் விட்டு, அடியில் தம்பியின் பழைய வேட்டியை வைத்து மூடினேன். தம்பி மனைவி படுத்தபடியே ஒவ்வொரு துண்டையும் தொட்டு, இது யார் வீட்டுது அண்ணி என்று கேட்பாள். சொல்வேன். அந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, என்ன சேட்டை செய்யும் என்று கேட்பாள். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததுக்குக் கட்டிவிடுவேன். அவள் சிரிப்பாள். வீட்டில் பல மாதமாக இல்லாத சிரிப்பு அது. நம்பிக்கை இல்லாத நானே, ஊசி கோக்கும்போதெல்லாம், இது தங்க வேண்டும், இது தங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் கோத்தேன்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. இங்கே பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவள் கூட நான் போனேன். மடியில் துணிப்பை, அதில் போர்வை. அறுவை செய்து எடுத்தார்கள். பெண். ஒரு கிலோகூட இல்லை. ஆனால் அழுதது, அறைக்கு வெளியே நின்ற எனக்கும் தம்பிக்கும் கேட்டது. கதவிடுக்கில் வருகிற பூனைக்குட்டிச் சத்தம் மாதிரிதான் இருந்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்னது அழவில்லையே, இது அழுதுவிட்டதே என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பிள்ளையை நேரே கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வார்டு நர்ஸ் என் பழைய மாணவிகள் வயதுப் பெண். வெளித் துணி எதுவும் உள்ளே விடக் கூடாது என்றாள். வெந்நீரில் கொதிக்க வைத்தது, இஸ்திரி போட்டது என்றேன். நான் எடுத்துக் காட்டிய மடிப்பை அவள் தொடக்கூட இல்லை. "பாப்பாவுக்குத் தோலே இன்னும் சரியா வரலம்மா. எங்க துணியவே மேல போடல பாருங்க" என்றாள். கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். உண்மைதான். சிவந்துபோய், குழாய்களுக்கு நடுவே, துணி என்று எதுவும் இல்லாமல் கிடந்தது. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது? அந்தப் பெண் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் வாழ்நாளில் கோபம் வராமல் நின்ற இடம் அதுதான்.

தம்பி மனைவி மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது, போத்தினீங்களா அண்ணி? இல்லை என்று சொன்னேன். காரணமெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், படித்தவள், புரிந்தது. ஆனால் அதன் பிறகு நான் பக்கத்தில் போகும்போதெல்லாம் அதையே கேட்டாள். எப்படியாவது, ஒரே ஒரு தடவை, சும்மா மேலே பட்டால் போதும். டாக்டரிடம் போய்க் கேட்டேன். பெரிய டாக்டரிடம் கேட்டேன். இரண்டு பேருமே பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். கடைசியில் போர்வையின் ஓரத்திலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தேன். பிள்ளையைத் தொட்டுப் பார்க்க அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனபோது உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு போனாள். வாசலில் கை கழுவச் சொன்னார்கள். விரித்துத்தானே ஆக வேண்டும்? நர்ஸ் பார்த்துவிட்டு அந்தத் துண்டை வாங்கி என்னிடம் கொடுத்தாள். தம்பி மனைவி வெறுங்கையோடு உள்ளே போனாள்.

நாங்கள் அங்கே இருந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிற்பதுதான். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் குழாய் வழியாக விட்டார்கள். ஒருநாள் எடை கூடியிருக்கிறது என்பார்கள், மறுநாள் மூச்சு சரியில்லை என்பார்கள். என்னால் எதையும் செய்ய முடியவில்லை. வேண்டாமென்று போட்ட எந்தப் பொருளையும் ஏதாவது பண்ணி நிமிர்த்திவிடலாம் என்று இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கை இரண்டும் அங்கே எதற்கும் உதவவில்லை. ஒருநாள் போர்வையை விரித்துக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா, துணி விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மடித்துவைத்துவிட்டேன்.

பிள்ளை ஒரு மத்தியானம் போய்விட்டது. தம்பிதான் ஃபோனில் சொன்னான். நான் சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தேன். பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது அவன் வராந்தாவில் நின்றிருந்தான். அழவில்லை. "அந்தப் போர்வையக் குடுக்கா" என்றான். கொடுத்தேன். பிள்ளைமேல் அது முதன்முதலாகப் பட்டது அப்போதுதான். ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போர்வையோடு சேர்த்துப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் போகிற இடம் இல்லை, நாங்கள் போகவில்லை. மறுவாரம் அவன் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பிறந்ததையும் இறந்ததையும் ஒரே நடையில் பதிந்துவிட்டு வந்தான். பெயர் என்ன என்று கேட்டார்களாம். வைக்கவில்லை என்றானாம்.

இதற்குப் பிறகுதான் நான் செய்து வைத்திருந்த காரியம் என்ன என்று எனக்கே தெரிந்தது. எங்கள் தெருவுக்கு விஷயம் தெரியும். மற்ற இடங்களுக்குத் தெரியாது. மஞ்சளுக்காக அலைந்த அலைச்சலில் சுரக்குடியிலிருந்து திருமலைராயன்பட்டினம்வரை அத்தனை வீட்டிலும் இந்தப் பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். துணி கொடுத்தவர்களுக்குக் கேட்கிற உரிமை உண்டு. பள்ளி வாசலில் கேட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டார்கள். முதலில் கேட்டது சுரக்குடிப் பெண் ஒருத்தி. தன் மகன் சட்டையைக் கொடுத்தவள். தங்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். நடுரோட்டில் அவள் கையை உதறிக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்டுத் துணிதான் ஆவலயோ டீச்சர்? எனக்கு முன்னாடி ஒண்ணு கலைஞ்சுது. அத உங்ககிட்ட நான் சொல்லல."

அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வெகு நேரமாயிற்று. துணி மேலே படவே இல்லை, பிறகு எப்படி உன் துணியால் ஆகும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பட்டிருந்தால் தங்கியிருக்கும் இல்லையா என்று அதற்கும் அழுதாள். வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் வேறு யாரிடம் சொல்வது? அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஒளிந்தேன். அந்தத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு போனேன். மீன்கார அம்மா வருகிற நேரத்தில் குளியலறைக்குள் போய்விடுவேன். அவருக்கு எங்கள் தெருக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் கேட்காமல் நல்ல மீனாகப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார். வாய் நீளமானவள் என்று பெயரெடுத்த நான், ஒரு கேள்விக்குப் பயந்து தலைக்கவசத்தைக் கழற்றாமல் கடைக்குள் போய்ச் சாமான் வாங்கினேன். கொடுமை என்னவென்றால், அவர்கள் யாரும் கெட்டது நினைத்துக் கேட்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டார்கள்.

தம்பி மனைவி மெல்ல மெல்ல எழுந்து நடமாடினாள். வெங்காயம் உரித்தாள். நான் சத்தம் போட்டால் பழையபடி கேட்டுக்கொண்டாள், ஆனால் முடிஞ்சுதா அண்ணி என்று கேட்பதில்லை. நான் பள்ளிக்குச் செய்கிற கைவேலையைக் கூடத்தில் வைத்துச் செய்வதை நிறுத்திவிட்டேன். அவள் பார்ப்பாளே என்று. வருஷம் திரும்பப் போகிற சமயத்தில், கூட வேலை செய்யும் ஒரு டீச்சர் திருமலைராயன்பட்டினத்தில் புது வீடு கட்டிக் கூப்பிட்டார். நானும் வரட்டுமா அண்ணி என்று அவளே கேட்டாள். வீட்டைவிட்டு எங்கும் கிளம்பாதவள் கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டியை எடுத்தேன்.

விசேஷம் முடிந்து திரும்பும்போது பெரிய தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிப் போகச் சொன்னார்கள். சந்துக்குள் திரும்பிய பிறகுதான் எந்தச் சந்து என்று தெரிந்தது. வேகமாகப் போய்விடலாம் என்று பார்த்தால் முன்னால் ஒரு தள்ளுவண்டி. மஞ்சள் கவுன் கொடுத்த அந்தப் பெண் வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர்" என்று கூப்பிட்டு வண்டியின் முன்னாலேயே வந்து நின்றுவிட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "இவங்கதானா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். போய்விடலாம் என்று நான் வண்டியைக் கிளப்பப் போனேன். தம்பி மனைவி என் தோளில் கை வைத்து அழுத்தினாள். இருக்கச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அந்தப் பெண் வெளிர்பச்சையில் ஒரு கவுனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு பெருநாளுக்குத்தான் மகள் போட்டாளாம், அதற்குள் வளர்ந்துவிட்டாளாம். உங்களுக்குப் பழசுதானே வேணும் என்று எடுத்து வைத்திருந்தாளாம். இந்தப் பக்கம் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றாள். நான் வாயைத் திறந்தேன். சுரக்குடிப் பெண் நடுரோட்டில் நின்றது கண்முன் வந்தது.

"என்ன புள்ள தங்கச்சி?" என்று அவள் என்னைத் தாண்டிக் கேட்டாள்.

"பொம்பளப் புள்ளக்கா."

"மாஷா அல்லாஹ். தூக்கிட்டு வரலியா?"

"தூங்குறா."

அந்தப் பெண் கவுனை நீட்டினாள். தம்பி மனைவி வண்டியிலிருந்து இறங்கி, தரையில் நின்று, தன் முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினாள். அந்தப் பெண் கவுனை அதில் போட்டாள். தம்பி மனைவி கவுனை எடுத்து, தோள்பட்டை இரண்டையும் பிடித்து விரித்து, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஒரு வயசுக்கு இது ஆவுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும்க்கா. பரவால்ல, வளந்துருவா."

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் துஆ செய்தேன், வீண்போகவில்லை பாருங்கள் டீச்சர் என்றாள். ஆமாம் என்றேன். தம்பி மனைவி கவுனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, போகலாம் அண்ணி என்றாள்.